இது எந்த ஊர் மரம்?

போன மாதம் கேமரன்மலைச் சுற்றுலாவுக்கு ஒரு சுவரொட்டி வடிவமைத்தேன். அடுக்கடுக்காக மலை, மூடுபனி, முக்கோண வடிவில் வரிசையாகப் பைன் மரங்கள். கணினியில் தயாராகக் கிடைத்த படங்கள்தாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அப்பாவிடம் காட்டினேன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா இது எந்த ஊரு?"

சுருக்கென்றது. தீபகற்ப மலேசியக் காடுகளில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. எங்காவது இருந்தால், அது மனிதர் நட்டது. அப்படியானால் நம் மலையின் மரம் எது? எனக்கு ஒன்றுகூட வரையத் தெரியவில்லை.

அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருந்தது. சனிக்கிழமையே அப்பாவோடு பிரிஞ்சாங் மலைக்குக் கிளம்பினேன். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்தி நிற்கின்றன. வழியில் ஓரிடத்தில் உதிர்ந்து கிடந்த காயை அப்பா காட்டினார். சின்னக் கிண்ணத்தில் உட்கார வைத்தது போல ஒரு கொட்டை. மலாயில் மெம்பெனிங் என்பார்கள். ஓக் மரத்தின் உறவு. ஆனால் ஐரோப்பிய ஓக் இலையைப் போல ஓரம் நெளிநெளியாக இருக்காது. வெட்டே இல்லாத ஓரம்.

அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். தாவர ஓவியத்தில் அளவு முக்கியம். ரூலர் வைத்துத்தான் தொடங்க வேண்டும். இலையின் முன்பக்கம், பின்பக்கம், காம்பு, கிளையில் இலைகள் அமைந்த விதம் எல்லாம் பார்க்க வேண்டும். கேமரா அந்த ஓர் இலையை, பூச்சி அரித்த ஓட்டையோடு காட்டும். ஓவியரோ பத்து இலையைப் பார்த்து, பத்துக்கும் பொதுவானதை வரைவார். எனக்கு ஓர் இலைக்கே ஒரு மணி நேரம் ஆனது. காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சுவரொட்டிக்காக எளிமையாக்கினேன். நரம்புகளைக் குறைத்தேன், பாசியைப் பச்சைப் புள்ளிகளாக்கினேன். கிண்ணத்திலும் இலையோரத்திலும் மட்டும் கை வைக்கவில்லை. அவை போனால் மரமே போய்விடும்.

அப்பா இந்த முறை ஊர் கேட்கவில்லை. "பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ இதைத்தான் பம்பரமா சுத்துவோம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஒரு பென்சிலும் ரூலரும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும்.