சங்கு மட்டும் போதாது, விளக்கும் வேண்டும்!

திருத்தங்கலையும் சிவகாசியையும் சுற்றியுள்ள கரிசல் காட்டில் நம் மக்கள் செய்யும் பட்டாசுதான் நாட்டின் வானத்துக்கெல்லாம் வண்ணம் தருகிறது. ஸ்ட்ரான்சியம் உப்பு கலந்தால் சிவப்பு ஒளி, அலுமினியப் பொடி கலந்தால் வெள்ளை ஒளி. பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும் தொழிலாளிக்கு இது மனப்பாடம். இத்தனை வண்ண ஒளியை ஊருக்கு அனுப்பும் இந்தக் கைகளுக்கு ஆபத்து வந்தால், "வெளியேறு" என்று சொல்ல ஆலையில் மின்னும் விளக்கு ஒன்று உண்டா? நாம் கேட்பது இதுதான்.

"சங்கு ஊதினால் போதாதா?" என்று சிலர் சொல்லக்கூடும். போதாது என்கிறோம். ஏன்?

முதலாவது, ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறையில் இருப்பவரின் காது அடைத்துப் போகிறது. அதன்பின் சங்கு ஊதி என்ன பயன்? மில் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடும் மிஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் கூப்பாடே கேட்பதில்லை.

இரண்டாவது, காது கேளாத தொழிலாளரும் நம்மிடையே உண்டு. அமெரிக்காவில் 1990-ல் மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் வந்தபின், பொதுக் கட்டிடங்களில் தீ எச்சரிக்கைக்கு ஒலியோடு ஒளியும் வேண்டும் என்று விதி ஏற்பட்டது. நொடிக்கு ஒரு முறைக்குக் குறையாமலும் இரு முறைக்கு மிகாமலும் விளக்கு மின்ன வேண்டும் என்கிறது அங்குள்ள தீப் பாதுகாப்பு விதி. அளவு மீறிய வேகத்தில் மின்னினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அந்த அளவுக்கு யோசித்து விதி செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது காரணமே நம் நெஞ்சைச் சுடுவது. சத்தம் ஆட்களை விரட்டுவதில்லை, இழுக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்தது என்ன? முதல் வெடிப்பைக் கேட்டுச் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். சிலர் காப்பாற்ற வந்தார்கள், சிலர் பார்க்க வந்தார்கள். அடுத்து எழுந்த பெரும் வெடிப்பு அவர்களையும் வாரிக்கொண்டது. மாண்ட சுமார் 40 பேரில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. அண்டை வீட்டான் சாகிறான் என்று ஓடிவந்தது குற்றமா? "இன்னும் மருந்து இருக்கிறது, கிட்டே வராதே" என்று தூரத்திலேயே அவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லாததே குற்றம்.

விளக்கு வெடிப்பைத் தடுக்காது. இதை நாம் மறைக்கவில்லை. உள்குத்தகை, பீஸ் ரேட் அவசரம், 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாத அறையில் ஆட்களை அடைப்பது, இடமில்லையென்று மரத்தடியில் மருந்து செலுத்தச் சொல்வது ஆகியவை ஒழியாமல் சாவு ஓயாது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் 2024 மே மாதம் செங்கமலப்பட்டியிலும் மீண்டும் பிணங்களை எண்ணினோம். ஆனால் முதல் வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில் கிடைக்கும் சில நிமிஷங்களில் உயிர்களைக் காக்க விளக்கால் முடியும்.

எப்படிப்பட்ட விளக்கு? மருந்து உள்ள அறைக்குள் சாதாரண மின்விளக்கை மாட்டினால் அதுவே எமனாகும். ஆகவே அறைக்கு வெளியே, தீப்பொறி வெளிவராத மூடிய பெட்டியில், மின்சாரம் அறுந்தாலும் பாட்டரியில் எரியும் விளக்கு வேண்டும். ஆலை வாசலிலும் ஊர்ப்பாதையிலும் உயரக் கம்பத்தில் ஒன்று வேண்டும். நிறத்தின் பொருள் எல்லா ஆலையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் ஆலையில் சிவப்பு என்றால் "ஓடு", மற்றதில் "நில்" என்றால் விளக்கே ஆளைக் கொல்லும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்களும் உண்டு. எனவே நிறத்தோடு மின்னும் முறையும் மாறவேண்டும்.

"செலவு யார் செய்வது?" என்பார்கள் முதலாளிமார். 1984-ல் போபாலில் நஞ்சு கசிந்த இரவில் ஊருக்கான சங்கைச் சிறிது ஊதி நிறுத்திவிட்டார்கள். மீண்டும் ஊதியபோது நஞ்சு ஊருக்குள் பரவிவிட்டது. அதன்பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடத்துவோர், ஆபத்து என்ன, வந்தால் என்ன செய்வது என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று அது விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். முதலாளியின் கடமை மாறவில்லை. செலவு அவருடையது.

வெடிபொருள் லைசென்ஸ் தரும் மத்திய அதிகாரிகளும், மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் ஒன்றுகூடி, இந்த வட்டாரம் முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை விதியை எழுதவேண்டும் என்று கோருகிறோம். விதியை எழுதும்போது தொழிலாளர் பிரதிநிதிகளும் கூட இருக்கவேண்டும். விளக்கில்லாத ஆலைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக்கூடாது. ஆலையிலும் கிராமத்திலும் ஒத்திகை நடத்தவேண்டும். ஒத்திகை நேரத்துக்கும் கூலி தரவேண்டும்.

தோழர்களே! நாளை வேலைக்குப் போனதும் உங்கள் போர்மேனிடம் கேளுங்கள்: "ஆபத்து வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" பதில் இல்லையென்றால் சங்கத்துக்கு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து கேட்போம்.