விலகிய பின்னும் விலகாத கணக்கு

விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்கள் காதைப் பொத்திக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒவ்வாத வாழ்க்கையை விட்டு விலகுவோர் வெளிப்படையாகவே விலகுகின்றனர். இது நல்லதே. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் வேண்டும், விலகும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்விரண்டையும் ஏன் ஒருங்கே கேட்டார்கள் என்பதைத்தான் நாம் இன்னும் உணர்ந்தோமில்லை. விலகும் உரிமையை எடுத்துக்கொண்டோம். பணப்பையையோ பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

கோப்பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் சம்பளக் கணக்கு எழுதும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. விவாகம் ரத்தாகி ஓராண்டு கடந்த ஒரு சகோதரி, மாதத்தின் ஏழாந்தேதி ஆபீசு வாசலில் வந்து நின்று, "கிராணி ஐயா, இந்த மாசம் சம்பளம் போடலிங்களா?" என்று கேட்டார். சம்பளம் முதல் நாளே ஏறியிருந்தது. ஏறிய கணக்கோ, கலியாணமான புதிதில் இருவர் பேரிலும் திறந்த கூட்டுக் கணக்கு. முன்னாள் கணவர் விடியுமுன்னரே பட்டணத்துப் பண இயந்திரத்தில் அட்டையைச் செருகி முழுவதையும் எடுத்துப் போய்விட்டார். இவ்வளவு நாளாக ஏன் மாற்றவில்லை என்றோம். "பிள்ளைங்களுக்காக அது அப்படியே இருக்கட்டும்னு பெரியவங்க சொன்னாங்க" என்பதே மறுமொழி.

அந்தப் பெரியவர்களைத்தான் கேட்கிறோம்: உங்கள் பஞ்சாயத்துப் பேச்சு பாங்கிக்குத் தெரியுமா? "இருவரில் எவர் கேட்டாலும் பணம் தரலாம்" என்று கணக்குத் திறந்த நாளில் இருவரும் எழுதிக்கொடுத்த கடுதாசியே பாங்கிக்கு வேதம். விவாகத்தை ரத்து செய்யும் தீர்ப்பு, அந்தக் கடுதாசியைத் தானாக ரத்து செய்துவிடாது. இருப்புக்கு மேல் ஒருவர் கடனாக எடுத்திருந்து, ஒப்பந்தமும் இருவரையும் பொறுப்பாக்கியிருந்தால், பாங்கி கையிலகப்பட்டவரிடமே முழுத்தொகையையும் கேட்கும். "அவன் இப்போது என் புருஷனல்ல", "அவள் என் பெண்டாட்டியல்ல" என்னும் பதில் அங்கே செல்லாது. ஒருவர் இறந்தால் மீதி மற்றவருக்கே என்ற ஷரத்து இருக்குமாயின், பெற்றோரும் மறுமணத்துத் துணையும் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதே.

கோர்ட்டு இருக்கிறதே என்பர் சிலர். உண்மை. முஸ்லிமல்லாதாரின் விவாகம், விவாகரத்து பற்றிய 1976ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 76ஆம் பிரிவுப்படி மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தைக் கோர்ட்டு பங்கிடலாம். வீட்டையும் குடும்பத்தையும் பேணிய உழைப்பையும் அது கணக்கில் கொள்ளும். ஆனால் பங்கிட ஏதேனும் மிஞ்ச வேண்டாமா? கரைந்த பணத்தைத் தேடி வழக்காடுவதற்கு, செம்பனைக் குலை சுமந்து பிழைப்பவரிடம் லாயர் கூலி ஏது?

இன்னுஞ் சிலர், பணத்தைப் பற்றிப் பேசுவது மானக்கேடு என்பர். தான் உழைத்த கூலிக்கு விலகிப்போனவரிடமே கையேந்தி நிற்பதல்லவா மானக்கேடு?

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். சம்பளம் தன் பேரிலுள்ள கணக்கில் ஏறுவதா, கூட்டுக் கணக்கில் ஏறுவதா என்று குறிப்பிடும் உரிமையை 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தொழிலாளிக்கே தந்திருக்கிறது. அதை முதலில் பயன்படுத்துங்கள். கூட்டுக் கணக்கின் வரவு செலவு விவரத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தகராறைப் பாங்கிக்கு எழுத்தால் அறிவித்து, இனி இருவர் கையொப்பமின்றிப் பணம் தரலாகாதெனக் கேளுங்கள். ஆத்திரத்தில் முழுவதையும் நீங்களே வழித்தெடுத்தால் நாளை கோர்ட்டில் பதில் சொல்ல நேரும். பங்கு இன்னதென்று எழுதி முடித்துக் கணக்கை மூடுங்கள். சேமநிதியின் வாரிசுப் பெயரையும் உயிலையும் பாருங்கள். விவாகரத்து ஆன மாத்திரத்தில் உயில் ரத்தாவதில்லை.

அந்தச் சகோதரிக்கு அன்றே புதுக் கணக்கு எண்ணைப் பதிந்தோம். கால்மணி நேரங்கூட ஆகவில்லை. போன சம்பளமோ திரும்பவேயில்லை. தாலியைக் கழற்றத் துணிந்த கைக்கு ஒரு பாரத்தில் கையொப்பமிடத் துணிவு வராதா? பிள்ளைகளுக்காக என்று சொல்லும் பெரியோரே, அந்த மாதம் அப்பிள்ளைகள் எதைத் தின்றார்கள் என்று கேட்டீர்களா?