எந்திரம் பாடட்டும், கூலி யாருக்கு?

திருவதிகைத் தெருவில் விடியுமுன் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் தாய், தன்னைக் கணித மேதை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அவள் விரல் அறிந்த விதியைத்தான், 1974-ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கணிப்பொறிக்கும் விளங்கும் இலக்கணமாக எழுதினர். கோலத்தின் கணக்கு எந்திரத்துக்குப் புரிந்தது. அதனால் எந்த வீட்டு வாசலும் வெறுமையாகிவிடவில்லை.

எனவே, எந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டமல்ல நாம். நாம் கேட்பது ஒன்றே: அது யாருக்கு ஊழியம் செய்கிறது?

தேர்தல் வந்தால் சுவரெழுத்துத் தோழனுக்குச் சோறு உண்டு என்றொரு காலம் இருந்தது. பிளெக்ஸ் வந்தது, தூரிகை மூலைக்குப் போனது. இன்றைய செயற்கை நுண்ணறிவோ ஒருபடி மேலே செல்கிறது. ஓவியன் வரைந்த படங்களையே விழுங்கி, அவன் பாணியிலேயே வரைந்து, அவனுக்கே போட்டியாக நிற்கிறது! விதை கொடுத்தவனையே வயலைவிட்டு விரட்டும் வேலையன்றோ இது?

நேர்வழியும் உண்டு. 1997-இல் மறைந்த சாகுல் அமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்கள், 'லால் சலாம்' படப் பாடலில் 2024-இல் மீண்டும் ஒலித்தன. இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார்.

மறுபக்கம் பாரீர்! 2013-இல் வந்த 'அம்பிகாபதி'யில் நாயகன் மாண்டான். 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவால் அவனைப் பிழைக்கவைத்து மறுபடி வெளியிட்டனர். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், நடித்த தனுஷும் எதிர்த்தார். படம் ஓடியது! 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆக்கியோன் என்று சொல்வது தயாரிப்பாளரைத்தான். கணிப்பொறி ஆக்கிய படைப்புக்கோ, அதை ஆக்கவைத்தவரே ஆக்கியோன். வியர்வை ஒருவனுடையது, உரிமை இன்னொருவனுடையது!

புகழ்பெற்ற நடிகர் அறிக்கை விட்டால் நாடு கேட்கும். திருவதிகைக்கு அடுத்த பண்ருட்டியில் களிமண் பிசையும் பொம்மைக் கலைஞனின் கைவண்ணத்தை எந்திரம் களவாடினால், அவனுக்காகப் பேசுவது யார்?

சங்கம்தான் பேசவேண்டும்! 2023-இல் அமெரிக்காவின் ஆலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நடிகர்கள் 118 நாட்கள் நின்றனர். இசைவும் ஊதியமும் இன்றி நடிகனின் உருவத்தை எந்திரத்தால் நகலெடுக்கலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தனர். முதலாளிகள் மனமிரங்கி வழங்கியதல்ல அது; பட்டினி கிடந்து பெற்றது.

நம் கோரிக்கையும் மூன்றே: கேட்காமல் எடுக்காதே, எடுத்தால் கூலி கொடு, படைத்தவன் பெயரைச் சொல். இம்மூன்றும் சட்டத்தில் ஏறவேண்டும்.

ஓவியர், பாடகர், சிற்பி, பொம்மை செய்வோர் அனைவரும் உழைப்பாளர்களே. அவர்களைத் தனித்தனியே நிற்கவிடுவது நமக்கு அழகல்ல. தோழர்களே, ஊர்தோறும் அவர்களைத் தேடிச் செல்வோம், சங்கமாகத் திரட்டுவோம்!