பயணத்தில் கிடைத்த விசுவாசத்துக்கு யார் சாட்சி?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அமெரிக்கச் சபைகளின் வாலிபர் குழுக்கள் மெக்சிகோவுக்கும் ஹோண்டுராஸுக்கும் கென்யாவுக்கும் கிளம்பிவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். சிறுவர்களைக் கூட்டிவைத்துப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பார்கள். வீடு கட்டச் செங்கல் சுமப்பார்கள். சமயத்தைப் பற்றி ஆராயும் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ, ஆண்டுதோறும் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் இப்படி வெளிநாடு போய்வருவதாகக் கணக்கிட்டார். ஊர் திரும்பியபின் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். வாழ்க்கையின் நோக்கம் புரிந்தது, ஆறிக் கிடந்த விசுவாசம் மறுபடி பற்றிக்கொண்டது, கொடுக்கப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தோம் என்பது அநேகமாக எல்லாச் சாட்சிகளின் சாரம். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதருக்கு உள்ளே நடந்ததை வெளியிலிருந்து மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அப்படி எழுந்த உணர்வுக்கு நோக்கம் என்றும் அழைப்பு என்றும் அந்த வாரமே பெயர் வைத்துவிடுவதில் ஓர் அவசரம் இருக்கிறது. அது அழைப்புதானா என்று சொல்லப் போய்வந்தவர் ஒருவரே போதாது. எந்த ஊருக்குப் போனாரோ அந்த ஊரின் வாயிலிருந்தும் அது வரவேண்டும். அதற்குச் சில ஆண்டுகளாவது ஆகும்.

இதைச் சொல்வதற்கு ஹோண்டுராஸில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப்போட்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில். வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயே பல ஆண்டுகளாக வசித்துவந்த கிறிஸ்தவச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், வந்தவர்களையும் வீடு பெற்றவர்களையும் விசாரித்து 2006இல் தன் முடிவுகளை வெளியிட்டார். பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வெளிநாட்டுக் குழு ஒரு வீடு கட்ட ஏறத்தாழ 30,000 டாலர் ஆகியிருந்தது. அதே வீட்டை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டியது. ஒரு குழு வந்துபோன செலவில் பதினைந்து குடும்பங்களுக்குக் கூரை போட்டிருக்கலாம். உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியும் கிடைத்திருக்கும். பணக் கணக்கு மட்டும் என்றால் இதை விட்டுவிடலாம். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் விசுவாசத்திலோ அக்கம்பக்கத்து உறவிலோ வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது. வந்தவர்களை அந்த மக்கள் அன்போடுதான் நினைவுகூர்ந்தார்கள். குழு வேண்டுமா, அந்தப் பணத்தில் இன்னும் பல வீடுகள் வேண்டுமா என்று கேட்டபோது வீடுகள் பக்கம் நின்றார்கள். பயணம் கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை அவர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

இதில் எனக்குத் தெரிவது, இந்தப் பயணங்களின் முதல் பயனாளி பயணிதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எருசலேமுக்குப் போகிறவர் எருசலேமுக்கு உதவி செய்யப் போனதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தன் ஆத்துமாவுக்காகப் போகிறார், தன் பணத்தில் போய்வருகிறார், யாரும் கேள்வி கேட்பதில்லை. தன் தேடலுக்காகப் போகும் பயணத்துக்கு ஏழைகளின் தேவையைக் காரணமாகக் காட்டும்போதுதான் சிக்கல். கத்தோலிக்கக் குருவாக இருந்த இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அழைத்தவர்களே சங்கடப்படும் அளவுக்குக் காரமான பேச்சு. இல்லிச் ஓரளவு மிகைப்படுத்தினார் என்றே நினைக்கிறேன். புயலுக்குப் பின் வந்து நின்ற ஒரு மருத்துவரை அவரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்.

அவருடைய கவலை எங்கே உண்மையானது என்பதற்குக் கம்போடியாவைப் பார்க்கவேண்டும். அந்நாட்டு அரசு யூனிசெஃப் ஆதரவுடன் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்தே ஆண்டுகளில் அங்கே அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியிருந்தது. அந்த ஐந்தாண்டில் போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பிறகு ஏன் கூடியது? வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு, மனம் நெகிழ்ந்து காணிக்கை கொடுத்துப்போகும் கூட்டம் கூடியது. அதில் சபைக் குழுக்களும் உண்டு, மதச்சார்பற்ற தன்னார்வலர்களும் உண்டு. நெகிழ்ச்சிக்குத் தேவை இருந்தால் அதை வழங்க யாராவது கடை விரிப்பார்கள். ஏழைத் தாய் தன் பிள்ளைக்குப் படிப்பு கிடைக்கும் என்று நம்பி அனுப்பிவைக்கிறாள். அந்தப் பிள்ளை வாரத்துக்கு ஒரு புதுமுகத்திடம் ஒட்டிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை விடைகொடுக்கிறது. வந்தவரின் சாட்சியில் அந்தப் பிள்ளையின் பெயர் வரும். அதற்கு அம்மா இருக்கிறாள் என்பது வராது, ஏனென்றால் அது அவருக்குத் தெரியவே தெரியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 30,000 டாலரையும் காசோலையாக அனுப்பு என்றால் யார் அனுப்புவார்கள்? மகன் போகிறான், பேத்தி போகிறாள் என்பதால்தான் சபையார் பணம் தருகிறார்கள். நேரில் பார்த்தவர் பிற்காலத்தில் இன்னும் தாராளமாகக் கொடுப்பார். இன்றைய செலவு நாளைக்கு விதை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. வெர் பீக் இதையும் சோதித்தார். திரும்பியவர்களில் பலர் தாங்கள் முன்பைவிட அதிகம் ஜெபிப்பதாகவும் அதிகம் கொடுப்பதாகவும் சொன்னார்கள். பயணத்தை ஏற்பாடு செய்த அமைப்பின் நன்கொடைப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்த உயர்வு அங்கே காணப்படவில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தாங்கள் மாறிவிட்டதாக மனதார நம்பினார்கள், வீடு திரும்பியதும் பழைய வாழ்க்கை பழைய வேகத்தில் அவர்களை எடுத்துக்கொண்டது. தவணையும் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் காத்திருந்தன. அந்த மாற்றத்தைத் தாங்கிப்பிடிக்க ஊரில் ஒருவரும் இல்லை. கிளம்பும்போது மாதக்கணக்கில் ஜெபமும் பயிற்சியும் நிதி திரட்டலும் நடத்திய சபை, திரும்பிய பிறகு ஒரு சாட்சிக் கூட்டத்தோடு முடித்துக்கொண்டது. ஆகவே பயணமே வீண் என்று தள்ளிவிடுவதைவிட, பயணத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

விசுவாசிகள் தரப்பில் இன்னும் ஆழமான ஆட்சேபம் ஒன்று எழும். கிருபையை அளவுகோல் வைத்து அளக்கலாமா? கடவுள் ஒருவரை எந்த நொடியில் தொடுவார் என்பதைப் பதிவேடு காட்டுமா? காட்டாது. ஆனால் உணர்ந்த நொடியை அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பார்ப்பது கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே உள்ள வழக்கம். தமஸ்கு சாலையில் ஒளி கண்ட பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணத்தில் வாழ்க்கை தலைகீழாக மாறியது என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை. அவரே கலாத்தியருக்கு எழுதியபோது, அதன்பின் அரபு நாட்டுக்குப் போய், தமஸ்குவுக்குத் திரும்பி, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே எருசலேமுக்குச் சென்று பேதுருவைச் சந்தித்ததாகக் குறிப்பிடுகிறார். கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கினார். அங்கே கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். அந்தச் சபையார் பின்னாளில் அவரையே கேள்வி கேட்டார்கள், அவரும் கடிதம் கடிதமாகப் பதில் எழுதினார். ஒளியைப் பார்த்தவரும் காத்திருக்கவேண்டியிருந்தது, தான் ஊழியம் செய்த மக்களுக்கே பதில் சொல்லவேண்டியிருந்தது.

வேலூருக்குத் தெரிந்த கதை ஐடா ஸ்கடருடையது. ராணிப்பேட்டையில் 1870இல் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, மிஷனெரி வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று உறுதியாக இருந்த பெண். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளவே 1890இல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற அவரை அழைத்தார்கள். தன் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதற்குப் பின்னான ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அழுதுவிட்டு அவர் அங்கேயே சேவை செய்யத் தொடங்கவில்லை, தொடங்கவும் முடியாது, ஏனென்றால் அவருக்கு மருத்துவம் தெரியாது. அமெரிக்கா திரும்பி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். 1902இல் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தான் ஒருத்தி எத்தனை உயிரைக் காப்பாற்ற முடியும் என்ற கணக்கு தெரிந்தவர் ஆதலால், இந்த மண்ணின் பெண்களையே மருத்துவர்களாக்கினார். 1960இல் கொடைக்கானலில் இறந்தார். அவர் நோக்கத்தைத் தேடி வரவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். திண்டிவனத்தில் அவர் எதிர்கொண்டது மனநிறைவு தரும் அனுபவமும் இல்லை. தன்னால் இயலாது என்ற கசப்பான அறிவுதான். ஒரு வாரப் பயணங்களின் நிகழ்ச்சி நிரலில் அந்த அறிவுக்கு இடம் இருப்பதில்லை. கையில் தூரிகையைக் கொடுத்து, ஏதோ செய்தோம் என்ற திருப்தியோடுதான் அனுப்பிவைக்கிறார்கள்.

குறுகிய பயணம் பலனே தராதா என்றால், அதற்கும் இங்கேயே ஒரு பதில் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வாலிப கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். கூட்டங்களில் பேசத்தான் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசைப் போட்டுத் தமிழ்நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிவைப்பதைக் கண்டார். அவருக்குச் சுருக்கென்றது. நம்மைவிடச் சிறிய சபை கடல்தாண்டி அனுப்பும்போது, எண்ணிக்கையிலும் பழமையிலும் பெரிய திருநெல்வேலி ஏன் வெள்ளைக்காரர் வருகைக்காகவே காத்திருக்கிறது? 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. 1909இல் அசரியாவே நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்து, தெலுங்கு கற்று, 1912இல் பேராயராகி, 1945இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். யாழ்ப்பாணப் பயணம் சில நாள்தான். ஆனால் போன இடத்து மக்களை இவர் தம் உதவிக்குக் காத்திருப்பவர்களாகப் பார்க்கவில்லை, அவர்களிடம் பாடம் கற்றார். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் முன்னால் அசரியா எழுந்து, மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்குத் தேவை நண்பர்கள் என்றார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மேசையில் உட்காராத உறவு பற்றிய முறையீடு அது. அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

கிறிஸ்தவரல்லாத வாசகர் இங்கே குறுக்கிடலாம். நெடுங்காலம் தங்கிவிட்டால் மட்டும் நல்லதா? காலனிய ஆட்சியின் நிழலில் தங்கியவர்களும் அப்படித்தானே தங்கினார்கள், மதமாற்றம்தானே கடைசி நோக்கம்? தங்குவது தன்னளவில் புண்ணியம் என்று நானும் சொல்லவில்லை. ஆதிக்கத்தோடு தங்கியவர்கள் ஏராளம். ஆனாலும் தங்கியவரோடு வாதாட முடியும். மதமாற்றம் பற்றி 1930களில் காந்திக்கும் அசரியாவுக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. இருவரும் இந்த நாட்டில், ஒருவர் பதிலை மற்றவர் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1840களின் இறுதியில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனெரி மருத்துவர் சாமுவேல் கிரீன், மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவருடைய சமயத்தை ஏற்காதவர்கள்கூட அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லலாம். ஒன்பதாம் நாள் விமானம் ஏறிவிடுபவரிடம் யார் போய் என்ன கேட்பது?

இன்று தமிழ்ச் சபைகளும் வாலிபர்களை வட இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் அதற்கு அப்பாலும் அனுப்புகின்றன. பெற்ற இடத்திலிருந்து அனுப்பும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறோம். அதனால் இந்தக் கேள்விகள் இனி நமக்கும் சொந்தம். போகும் ஊரின் சபை நம்மை அழைத்ததா, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அதற்கு இருந்ததா? பணம் நம் கையிலும் தேவை அவர்கள் கையிலும் இருக்கும்போது, வேண்டாம் என்பது அவ்வளவு சுலபமாக வராது. ஆகவே மூன்றாமவர் மூலமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பயணச் செலவுக்கு இணையான தொகையை, யாரும் போகாமலே, அந்த ஊராரிடம் கொடுக்கத் தயாரா? அழைப்பு கிடைத்தது என்று சாட்சி சொல்லும் வாலிபரிடம் அந்த ஊரின் மொழியைக் கற்கச் சொல்லலாம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி மேடைக்கு வரச் சொல்லலாம். அப்படி வரும்போது கூடவே அந்த ஊரிலிருந்தும் ஒருவரை, நம் செலவில், வரவழைத்து, அவர் பார்த்ததை அவர் மொழியிலேயே சொல்ல விடலாம். நன்றி சொல்ல மட்டும் அழைக்கப்பட்டவராக அவர் இருக்கக்கூடாது.