மிரட்டலுக்குச் சாட்சியாக நில்லுங்கள்

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் எல்லையோரங்களிலும் வாழும் சொந்தங்களே,

நாங்கள் உங்கள் ஊர்க்காரர்கள். அரசு அலுவலகங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறோம். ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மனதாக இருப்பதால் இதை எழுதுகிறோம்.

வில்லேஜ் ஆபீசில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சான்றிதழுக்காகப் பத்துப் பேர் வரிசையில் நிற்கையில், கட்சிக்காரர் ஒருவர் நேரே மேசைக்குப் போவார். காகிதத்தில் குறை இருக்கிறது என்று அங்கிருக்கும் பெண் சொல்வார். "யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? காசர்கோட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்!" அந்தப் பெண் தலை நிமிராமல் முத்திரை குத்திக் கொடுப்பார். வரிசையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிலர் சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்புதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு ஸ்தம்பித்ததை மறந்திருக்க மாட்டோம். நாளுக்கு 232 ரூபாய் கூலிக்குக் கொழுந்து பறித்த நம் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடாமல், 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே திரண்டு வென்றார்கள். அந்தப் போராட்டத்தை 2017 ஏப்ரலில் அப்போதைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி மேடையில் கொச்சைப்படுத்திப் பேசினார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் மறுபடியும் மூணாறில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், கட்சி பகிரங்கமாகக் கண்டித்தது, பதவி நிலைத்தது. ஆக்கிரமிப்புகளை அகற்றியதற்காக அதே மாதம் அவரிடம் வசைவாங்கிய தேவிகுளம் சப் கலெக்டரோ ஜூலையில் மாற்றப்பட்டார்.

2019 பிப்ரவரியில் முத்திரப்புழை ஆற்றங்கரையில் அனுமதியின்றி எழுந்த பஞ்சாயத்துக் கட்டடத்தைத் தடுத்த சப் கலெக்டர் ரேணு ராஜை, புத்தியில்லாதவர் என்று தேவிகுளம் தொகுதியின் அப்போதைய எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன் பொது இடத்தில் ஏசினார். ரேணு ராஜ் பணிந்துபோகவில்லை, நடந்ததை எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இந்தக் கதி என்றால் அங்கன்வாடி டீச்சருக்கும் ஆஷா பணியாளருக்கும் யார் துணை?

பாலக்காட்டில் அப்போதைய ஷொர்ணூர் எம்.எல்.ஏ. பி.கே. சசி மீது அவரது கட்சியின் இளைஞர் அமைப்பைச் சேர்ந்த பெண் நிர்வாகி ஒருவர் புகார் கொடுத்தபோது கட்சியே விசாரித்து, 2018 நவம்பரில் 6 மாதம் சஸ்பெண்ட் செய்தது. 2021இல் அவர் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தலைவரானார். கட்சிக்குள் முடிக்கப்படும் விசாரணை எந்தக் கட்சியில் நடந்தாலும் எங்களுக்கு நம்பிக்கை தரவில்லை.

அதிகாரிகளும் மக்களை அலைக்கழிக்கிறார்கள், மறுக்கவில்லை. லஞ்சமென்றால் புகார் கொடுக்க விஜிலன்ஸ் இருக்கிறது, கூட்டத்தில் வைத்து அவமதிப்பது வழியல்ல. 2024 அக்டோபர் 14 அன்று கண்ணூரில் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் (ஏ.டி.எம்.) நவீன் பாபுவின் வழியனுப்பு விழாவுக்குள் அழைப்பின்றி வந்து, அப்போதைய மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் பி.பி. திவ்யா எல்லோர் முன்னும் அவர் மீது குற்றம் சாட்டினார். மறுநாள் காலை அந்த மனிதர் உயிரோடு இல்லை. திவ்யா பதவியிழந்து கைதானார். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "இது அதற்கான இடமில்லை" என்று தடுத்திருக்கலாமே என்று இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

மணியின் பேச்சுத் தொடர்பான மனுவும் சேர்ந்த வழக்கில், அமைச்சரின் பேச்சை அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியென்றால் பேசியவரே பதில் சொல்லட்டும். அவரைக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டுப் போட்ட நாம்தான்.

உங்கள் கண்ணெதிரே ஓர் ஊழியரை யாராவது மிரட்டினால் நகர்ந்துவிடாதீர்கள். தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் கட்சிக்காரராக இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரசு ஊழியரை வேலை விஷயத்தில் பணியவைக்கத் தீங்கு செய்வதாக மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 224ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் சீண்டலென்றால், உள் புகார்க்குழு இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் 3 மாதத்துக்குள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் பெற நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், கூடவே வருகிறோம்.

இப்படிக்கு,
இடுக்கி, பாலக்காடு எல்லைப்பகுதித் தமிழ் ஊழியர்களும் தொழிலாளர்களும்