பகலில் விளக்கெரியும் பள்ளிவாசல்கள்

 

ளுஹர் தொழுகையின் நேரத்தை நமக்கு அறிவிப்பது சூரியன். அது உச்சியிலிருந்து சாய்ந்ததும் பாங்கு ஒலிக்கிறது. அஸருடைய நேரத்தை நிழலின் நீளம் சொல்கிறது. ஆனால், அந்தச் சூரியனைக் கணக்கிட்டுத் தொழ வரும் நாம், கீழக்கரை போன்ற வெயில் கொளுத்தும் ஊரில், பட்டப்பகலில் மின்விளக்கெரியும் கூடங்களில் ஸஃப்பில் நிற்கிறோம். அண்மைக் காலத்தில் எழும் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், திருமண மண்டபங்கள் பலவற்றில் இதுவே வழக்கமாகிவிட்டது. சுற்றிலும் சுவர், மேலே கான்கிரீட் தளம், அதற்கும் கீழே ஃபால்ஸ் சீலிங். மின்சாரம் நின்றால் நண்பகலும் இருட்டாகிறது.

நம் முன்னோர் இவ்வாறு கட்டவில்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற தெருக்களில், பர்தாவைப் பேணிய குடும்பங்களுக்குப் பெரிய சன்னல்கள் ஒத்துவரவில்லை. ஆகவே, வெளிச்சத்தை மேலிருந்து பெற்றுக்கொண்டார்கள். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. ஓட்டு வீடுகளில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்து இருண்ட அறைக்கு ஒளி கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் காலத்தில் எழுந்த நடுத்தெரு ஜும்ஆ பள்ளியில், மின்சாரம் என்ற சொல்லே அறியாத பல தலைமுறையினர் ளுஹரும் அஸரும் தொழுதிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடி ஓட்டின் இன்றைய வடிவமே பெரிய கட்டடங்களில் அமைக்கப்படும் ஒளிபுகு கூரைச் சாளரம். தெளிந்த நண்பகலில் திறந்தவெளியில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். குர்ஆன் ஓதுவதற்கு 300 லக்ஸ் போதும். எனவே, கூரை முழுவதையும் திறக்கத் தேவையில்லை. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான இந்திய எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகள் (2017), கூரைச் சாளரங்களைக் கூரைப் பரப்பில் 5 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. 100 சதுர மீட்டர் கூடத்திற்கு 3 முதல் 5 சதுர மீட்டர் சாளரம், முறையாகப் பரப்பி வைத்தால், பகல் முழுவதற்கும் பெரும்பாலும் போதுமானது.

முஸ்லிம் உலகில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. டாக்காவில் மரினா தபஸ்ஸும் வடிவமைத்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல் 2012இல் நிறைவுற்றது. அவருடைய பாட்டியார் வழங்கிய நிலத்தில், செங்கல்லால் எளிமையாகக் கட்டப்பட்டது. கூரையிலுள்ள சிறு வட்டத் துளைகள் வழியே தொழுமிடத்தில் ஒளி இறங்குகிறது. 2016இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. மேகம் மூடிய இங்கிலாந்திலும், 2019இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் மத்திய பள்ளிவாசலின் தொழுகைக் கூடம் கூரைச் சாளரங்களின் ஒளியைப் பகலில் பயன்படுத்துகிறது. அங்கு முடிவது இங்கு முடியாதா?

“கூரையைத் திறந்தால் வெயிலும் மழையும் உள்ளே வருமே” என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. கீழக்கரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 9 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தட்டையான கண்ணாடியைக் கூரையில் பதித்தால் கூடம் அடுப்பாகிவிடும். அதற்கு மாறாக, கூரையின் ஒரு பகுதியை உயர்த்தி, வடக்கும் தெற்கும் பார்த்த பக்கங்களில் ஒளிபுகு தகடுகளைப் பொருத்தி, மேலே சன்ஷேடு நீட்டினால் உச்சி வெயில் தடுக்கப்படும். வெளிச்சம் மட்டும் வரும். அங்கேயே காற்றுத் திறப்பும் வைத்தால் மேலே எழும் வெப்பக்காற்று வெளியேறும். மலிவான தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். ஆதலால், புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்புப் பூச்சுள்ள இரட்டை அடுக்குப் பாலிகார்பனேட் தகட்டையே கேட்க வேண்டும். உப்புக்காற்றுக்கு எவர்சில்வர் திருகுகளும் புயலுக்கு உறுதியான சட்டமும் அவசியம்.

“சோலார் பேனல் வைத்துவிட்டால் போதாதா?” என்று கேட்போரும் உண்டு. நம் மாவட்டத்தின் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. அது நமக்குப் பெருமையே. ஆனால், பேனல் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. கூரைக்கு மேலே வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கி, கூரைக்குக் கீழே மீண்டும் வெளிச்சமாக்குவது சுற்றுவழி. கூரையின் 5 விழுக்காட்டை ஒளிக்கு விட்டுவிட்டு, எஞ்சியதில் பேனல் வைப்பதே முறை.

சேமிப்பையும் மிகைப்படுத்த வேண்டாம். 20 வாட் விளக்குகள் 40, பகலில் 4 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 3.2 யூனிட், மாதத்திற்கு 96 யூனிட். தொகை சிறிதுதான். ஆயினும், அது வெளிநாட்டில் வியர்வை சிந்தி உழைப்பவர் அனுப்பிய பணம். மூதாட்டி ஒருவர் உண்டியலில் இட்ட காசு. வீண் விரயத்தை வன்மையாகக் கண்டிக்கும் வேதத்தை ஓதுமிடத்தில், தேவையில்லாத ஒரு யூனிட்டுக்கும் கணக்குண்டு.

இன்னொன்றையும் கருத வேண்டும். பல கட்டடங்களில் மிக இருண்ட பகுதி, பெண்கள் தொழும் இடமும் குழந்தைகள் ஓதும் மக்தப் அறையுமாகவே இருக்கிறது. சன்னல் வைத்தால் மறைவு போய்விடும் என்று அங்கே வெளிச்சத்தையே மறுத்துவிடுகிறோம். மேலிருந்து வரும் ஒளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பார்வை நுழையாது; வெளிச்சம் நுழையும். கூரைச் சாளரத்தை முதலில் பெற வேண்டியவர்கள் இவர்களே.

ஆகவே, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டடத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, மினாராவின் உயரத்தைக் கேட்பதற்கு முன், “ளுஹருக்கு விளக்கின்றித் தொழ முடியுமா?” என்று பொறியாளரிடம் கேளுங்கள். தளம் போட்ட பிறகு கூரையை உடைப்பது கடினம். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது.

வல்ல அல்லாஹ், அவன் அளித்த வெளிச்சத்தை மதித்துப் பயன்படுத்தும் நல்லறிவை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.