பெட்டிக்குள் போன சிங்கிள்

பீட்டில்ஸின் வினைல் சிங்கிள்களை மறுபதிப்பில் சேகரிக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை.

1962-இல் 'லவ் மீ டூ' பிரிட்டன் பட்டியலில் 17-ஆம் இடம்தான். 20 ஆண்டு நிறைவென்று 1982-இல் அதே தட்டை மறுபடி விட்டார்கள், 4-ஆம் இடம்! பிறகு மற்றவையும் தத்தம் இருபதாம் ஆண்டில் தனித்தனியாக வந்தன. கைச்செலவுக் காசை மிச்சம்பிடித்துப் பள்ளிப் பிள்ளையும் ஒன்று வாங்கலாம். அதுதான் சரியான முறை.

2019-இல் வந்ததோ 23 தட்டுகள் அடங்கிய பெட்டி. பல நாட்டு உறைகள், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 'ஹே ஜூட்' மட்டும் போதும் என்பவர் மீதி 22-க்கும் ஏன் காசு கொடுக்கணும்? பக்கத்துக்கு ஒரு பாட்டு, அதையே தேயத் தேயக் கேட்பது, அதற்குப் பெயர்தானே சிங்கிள்!

பெட்டியைப் பிரிக்காமலே படம் போடும் தம்பிகளே, ஒன்றையாவது எடுத்து ஓடவிடுங்கள். 'ஹே ஜூட்' முடிந்ததும் திருப்பிப் போடுங்கள், பின்பக்கம் 'ரெவல்யூஷன்' இருக்கிறது.